சேதி போக வேண்டிய இடமும் போகக் கூடாத இடமும்

பதிவு கொஞ்சம் நீளம். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். என் தங்கச்சி மகன், எனக்கு மருமகன் முறை, கடற்படையில் மாலுமி. மூன்று வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை. தங்கச்சி பயந்துபோய்க் குழுவில் எழுதியிருந்தது. உடனே ஆளாளுக்குப் பதில். "நிலாவுக்கு ராக்கெட் விடுறாங்க, வீட்டுக்கு ஒரு போன் பண்ண விட மாட்டாங்களா?" என்று ஒருத்தர். "என்னத்த வேலையோ" என்று இன்னொருத்தர். மூன்றாவதாக ஒருத்தர், அவனுடைய கப்பல் இன்ன இடத்தில் நிற்கிறது என்று ஒரு வரைபடத்தையே எங்கிருந்தோ பிடித்துப் போட்டார். அதற்கு இருபது கைதட்டல்.

அவன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் எழுதக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வில்லாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வாத்தியாருக்குக் கடற்படையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். இங்கேயிருந்து கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டராவது பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் முப்பது வருஷம் அலையும் அதிர்வெண்ணும் நடத்தியவன் நான். கடற்படையின் தகவல் தொடர்பு என்பது பாதி அந்தப் பாடம்தான். மீதி பாதி, வாயைக் கட்டுவது. அதையும் வகுப்பில் நிறையவே நடத்தியிருக்கிறேன்.

கப்பல் எவ்வளவு பெரிசு, ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்றுதான் டிவியில் காட்டுகிறார்கள். என் கருத்து வேறு. சரியான சேதி, சரியான நேரத்தில், போக வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதே சேதி வேறு யாருக்கும் போகக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத கடற்படை எத்தனை கப்பல் வைத்திருந்தாலும் இருட்டில் நிற்கிற ஆள்தான். இதில் முதல் பாதி அரசாங்கத்தின் வேலை. இரண்டாவது பாதியில் நமக்கும் வேலை இருக்கிறது.

முதல் பாதிக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டாரத்தில் விஜயநாராயணம் என்று ஒரு ஊர். அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் 1990 அக்டோபர் 20-ம் தேதி தொடங்கப்பட்டது. ஐ.என்.எஸ். என்றதும் கப்பல் என்று நினைப்போம். இது கரையிலேயே இருக்கிற தளம். இதன் ஆயுதம் கம்பங்கள். 2014-ல் சேர்த்த புதிய அமைப்பில் ஒரு கம்பத்தின் உயரம் 471 மீட்டர். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். ஒன்பது தெற்குக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்தக் கம்பம் வரும்.

எதற்கு இவ்வளவு உயரம்? கடலுக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுவதற்கு.

இங்கே கொஞ்சம் பாடம். கோடை எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுங்கள். ஏறக்குறைய 3 மீட்டர். இந்த அலை கொடைக்கானல் மலையிலிருந்து காற்றில் ஜம்மென்று மதுரைக்கு வந்துவிடும். ஆனால் கடல் தண்ணீரில் ஒரு சாண் ஆழம் போவதற்குள் செத்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலையின் சக்தியை அது உறிஞ்சிக்கொள்ளும். அதிர்வெண் குறையக் குறைய அலை இன்னும் ஆழம் போகும். அதனால்தான் விஜயநாராயணத்தில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். வி.எல்.எஃப். என்று சொல்வது இதைத்தான். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை. 18 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் எவ்வளவு? போட்டுப் பாருங்கள். 16 கிலோமீட்டருக்கு மேல் வரும். இங்கே வில்லாபுரத்தில் ஒரு அலை தொடங்கினால் கிட்டத்தட்டத் திருமங்கலத்தில் போய்த்தான் முடியும். அவ்வளவு நீள அலையை அனுப்ப அவ்வளவு பெரிய கம்பம் வேண்டும்.

அப்படி அனுப்பியும் அது தண்ணீருக்குள் பத்து இருபது மீட்டர்தான் இறங்கும். நீர்மூழ்கி மேலே வந்து தலையைக் காட்டாமல், கொஞ்சம் மேலெழும்பி, நீளமான கம்பியையோ மிதவையையோ பின்னால் இழுத்துக்கொண்டு சேதியை வாங்கிக்கொள்ளும். வேகம் என்ன தெரியுமா? நொடிக்குச் சில நூறு பிட். நீங்கள் காலையில் ரோஜாப்பூ போட்டு அனுப்புகிற குட்மார்னிங் படம் ஒரு நூறு கிலோபைட் இருக்கும். அந்த ஒரு படத்தை இந்த வழியில் அனுப்ப முக்கால் மணி நேரம் பிடிக்கும். இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போனால் ஆழம் கூடும், வேகம் இன்னும் படுத்துவிடும். அமெரிக்கா 2004 வரை 76 ஹெர்ட்ஸில் அப்படி ஒரு நிலையம் நடத்தியது. மூன்றே எழுத்து போய்ச்சேர நிமிஷக் கணக்கில் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது ஒருவழிப் பாதை. கரை பேசும், நீர்மூழ்கி கேட்கும். அதனால் இதே வழியில் திருப்பிப் பேச முடியாது. 471 மீட்டர் கம்பத்தைக் கப்பலில் எங்கே வைப்பது? அப்படியிருக்க, உள்ளே இருக்கிற பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை. அவன் தலைவருக்கே அங்கிருந்து நினைத்தபோதெல்லாம் பேச முடியாது.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், 1962-ஐப் பாருங்கள். அந்த வருஷம் அக்டோபர் 27. கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்த நாள். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு நடுவே ஆழத்தில் மாட்டிக்கொண்டது. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தாங்க முடியாத சூடு. மேலேயிருந்து அமெரிக்கர்கள் எச்சரிக்கைக்காகச் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது எச்சரிக்கையா, உண்மையான போர் தொடங்கிவிட்டதா என்று தெரியவில்லை. அவர்களிடம் ஒரு அணுகுண்டு டார்பிடோ இருந்தது. கேப்டன் அதைத் தயார் செய்யச் சொன்னதாகவும், வாசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி சம்மதிக்காமல் அமைதிப்படுத்தியதாகவும் உடன் இருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். மேலே சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கீழே அந்தச் சேதி போகவில்லை. உலகம் ஒரு மனிதனின் நிதானத்தில் தப்பித்தது.

இன்று நம்மிடமும் அணு ஆயுதம் தாங்கும் நீர்மூழ்கிகள் இருக்கின்றன. ஐ.என்.எஸ். அரிகந்த் தன் முதல் ரோந்தை முடித்துவிட்டது என்று 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் அரிகாட் சேர்ந்தது. நாம் முதலில் அணு ஆயுதம் பயன்படுத்த மாட்டோம் என்பது நம் கொள்கை. அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுப்பது, "பொறு" என்பதும் "போதும்" என்பதும் கடலுக்கு அடியில் சந்தேகமில்லாமல் போய்ச் சேர்வதுதான். நாங்குநேரி வறண்ட காட்டில் நிற்கிற அந்தக் கம்பத்தின் வேலை அது. தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் தாமகுண்டத்தில் இதே மாதிரி இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே காடு போகிறது, மூசி ஆற்றுக்குக் கெடுதல் என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு அரசு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரே ஒரு இடத்தை நம்பி நாடு இருக்கக் கூடாது என்ற காரணத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீருக்கு மேலே இருக்கிற கப்பல்களுக்குச் செயற்கைக்கோள். 2013 ஆகஸ்ட் 30-ம் தேதி பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-7, ருக்மிணி என்று செல்லப் பெயர், நம் கடற்படைக்கென்றே போன முதல் செயற்கைக்கோள். அதுவரை வெளிநாட்டுச் சேவையையும் நம்பியிருந்தோம். சண்டை வந்தால் கடன் வாங்கிய போனில் எப்படிப் பேசுவது? 2025 நவம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் அடுத்த தலைமுறையான சி.எம்.எஸ்-03 போயிருக்கிறது. எடை 4,410 கிலோ. நம் மண்ணிலிருந்தே நாமே ஏவியது. குழுவில் அதற்கு ஒரு கைதட்டல்கூட இல்லை. கப்பல் நிற்கிற இடத்தைக் காட்டிய படத்துக்கு இருபது.

சரி, இரண்டாவது பாதிக்கு வருவோம். போகக் கூடாத இடத்துக்குச் சேதி போனால் என்ன ஆகும்?

எம்டன் கதை எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. "அவன் சரியான எம்டன்டா" என்று இன்றுவரை நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான்.

அந்த ஒற்றைக் கப்பலால் எப்படி இரண்டு மாதம் இந்தியப் பெருங்கடலையே ஆட்டிவைக்க முடிந்தது? தான் ஒயர்லெஸ்ஸில் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிரிப் போர்க்கப்பல் கிட்டே வருகிறதா, எட்டப் போகிறதா என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே கணித்தது. அது பிடித்த சரக்குக் கப்பல்களில் பத்திரிகைகள் கிடைத்தன. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் எங்கே கிளம்புகிறது என்ற விவரம் அதில் அச்சாகியிருந்தது. யாரும் துப்புக் கொடுக்கவில்லை. நாலணா பத்திரிகை கொடுத்துவிட்டது.

அந்த எம்டனின் முடிவும் தகவல் தொடர்பில்தான் வந்தது. 1914 நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஏறக்குறைய ஐம்பது பேரை இறக்கியது. வந்த கப்பலில் இருந்த நாலாவது புகைபோக்கி போலி என்பதை நிலையத்துக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். வாசலில் அந்நியக் கப்பல் என்று உடனே சேதி தட்டினார்கள். எம்டன் அதைக் குழப்பப் பார்த்தும் முடியவில்லை. ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்தது. அன்றோடு எம்டன் கதை முடிந்தது. ஒரு பீரங்கிகூட இல்லாத நிலையம், ஒரு வரிச் சேதியால் சாதித்தது அது.

நம் நாட்டு உதாரணம் 1971. பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? சென்னையில் இருந்த விக்ராந்த் சத்தமில்லாமல் அந்தமான் பக்கம் போய்விட்டது. பழைய கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, பெரிய கப்பல் பேசுவது மாதிரி ஒயர்லெஸ்ஸில் நிறையப் பேச வைத்தார். விசாகப்பட்டினம் ஒப்பந்தக்காரர்களிடம் கறியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்டார். கடைத்தெருவில் பேச்சு பரவும் என்று அவருக்குத் தெரியும். கடைசியாக, விக்ராந்தின் மாலுமி ஒருவன் கவலைக்கிடமாக இருக்கிற தன் தாயின் உடல்நிலையை விசாரிக்கிற மாதிரி, ரகசியக் குறியீடு இல்லாத சாதாரணச் சேதி ஒன்றையும் போக விட்டார். டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினம் வாசலில் காஸி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஆனால் அது விக்ராந்த் இல்லாத இடத்தில் வந்து காத்துக்கிடந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

அந்தத் தாய் சேதியைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். அதில் கப்பல் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு, இந்தக் கப்பலின் ஆள் இங்கே இருக்கிறான் என்று அது சொல்லிவிடும். கிருஷ்ணன் அதைப் பொய்யாகச் செய்தார், எதிரி ஏமாந்தான். அதையே நாம் நிஜமாகச் செய்தால் ஏமாறப் போவது யார்?

தங்கச்சி, இதை நீ படித்தால், உன் கேள்வியில் தப்பே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்ற மனசு கேட்கத்தான் செய்யும். உன் மகன் பதில் சொல்லாததிலும் தப்பில்லை என்பதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1971-ல் தந்தியும் ஒயர்லெஸ்ஸும். இப்போது எல்லோர் பையிலும் ஒரு நிலையம் இருக்கிறது. போனை எடுத்துப் பேசாவிட்டாலும் அது டவரைத் தேடிக்கொண்டே அலையை அனுப்பும். அனுப்புகிற எதையும் இரண்டு இடத்திலிருந்து திசை பார்த்துக் கோடு போட்டால், இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில் ஆள் இருப்பான். எட்டாம் வகுப்பு ஜியோமெட்ரி. அதனால்தான் போர்க்கப்பல்கள் சில சமயம் எல்லா ஒயர்லெஸ்ஸையும் ரேடாரையும் நிறுத்திவிட்டு ஊமையாகப் போகும். ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சி ஆப் 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ வீரர்கள் காலையில் ஓடிய பாதைகள் ஒளிக்கோடாகத் தெரிந்து, பாலைவனத்து முகாம்கள் வெளியே தெரிந்துவிட்டன. அவர்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஓடினார்கள், அவ்வளவுதான். 2019 டிசம்பரில், ஃபேஸ்புக் வழியாக வலைவிரித்தவர்களிடம் தகவல் கொடுத்ததாக நம் கடற்படையைச் சேர்ந்த ஏழு பேர் கைதானார்கள். அதன் பிறகு கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. ஆகவே மருமகன் போன் பண்ணாததற்குக் காரணம் அலட்சியமோ, மேலதிகாரியின் கொடுமையோ இல்லை. அவனோடு அந்தக் கப்பலில் இருக்கிற மற்ற அம்மாக்களின் பிள்ளைகளும்தான் காரணம்.

குழுவில் வந்த அந்த வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்குக் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தங்கள் பெயரையும் இடத்தையும் தாங்களே அறிவித்துக்கொண்டு போகும். அதைக் காட்டுகிற ஆப்புகள் இருக்கின்றன. போர்க்கப்பல் அப்படிச் சொல்லிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அதே பெயரில் இருக்கிற வேறு கப்பலாக இருக்கும். தப்பான தகவல் என்றால் ஒரு தாயை வீணாகப் பதற வைத்தீர்கள். சரியான தகவல் என்றால் அதைவிட மோசம். இரண்டில் எதற்குக் கைதட்டினீர்கள்?

2025 மே மாதம் நடந்தது மறந்திருக்காது. ஒரு ராத்திரி முழுக்க, நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தை அழித்துவிட்டது என்று சில டிவிகள் கத்தின. விடிந்ததும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் அந்தச் செய்தி நம் குழுவில் எத்தனை தடவை வந்தது என்று போய் எண்ணிப் பாருங்கள். 2008-ல் மும்பையில் டிவி நேரலையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து தீவிரவாதிகளுக்குப் போனில் வழி சொன்னார்கள். பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று 2025-லும் அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. நாம் ஊடகம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருநூறு பேர் இருக்கிற குழுவில் பதிவு போடுகிறவர் இருநூறு பிரதி விற்கிற பத்திரிகை நடத்துகிறார்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ அரசாங்கம் எதைச் சொன்னாலும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இல்லை. ரகசியம் வேறு, மறைப்பு வேறு. 2000 ஆகஸ்ட் 12-ம் தேதி ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. 118 பேர் இறந்தார்கள். அங்கே அதிகாரிகள் நாள்கணக்கில் உண்மையைச் சொல்லாமல் இழுத்தார்கள். குடும்பங்கள் தவித்தன. கப்பல் எங்கே போகிறது என்பதை எதிரியிடமிருந்து மறைப்பது பாதுகாப்பு. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்பதைத் தாயிடமிருந்து மறைப்பது பாதுகாப்பு இல்லை. ஆபத்து என்றால் முதல் சேதி வீட்டுக்கு வர வேண்டும், டிவிக்கு இல்லை. அதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இன்னொரு குறையை நான் அடங்கிய குரலில் சொல்லப் போவதில்லை. 2017 நவம்பர் 29, 30. ஒக்கிப் புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள். கரைக்குச் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார்கள். கையில் இருந்த ஒயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். புயல் குமரிக்குப் பக்கத்திலேயே திடீரென்று உருவாகி மேற்கே போனது. எச்சரிக்கை கரையில் இருந்தது, ஆட்கள் கடலில் இருந்தார்கள். நடுவில் பாலம் இல்லை. தமிழ்நாடும் கேரளாவும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. கடலுக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக்குச் சேதி அனுப்பத் தெரிந்த அதே தென்கோடியில், கடலுக்கு மேலே இருந்த மீனவனுக்கு ஒரு வரி போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். ஆனால் அதுவும் ஒருவழி. படகிலிருந்து "காப்பாத்துங்க" என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைச் சுமார் 360 கோடி ரூபாயில் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் திட்டம் தொடங்குவதும் கருவி வேலை செய்வதும் ஒன்றல்ல. எல்லாப் படகிலும் பொருத்தியாக வேண்டும். கெட்டால் துறைமுகத்திலேயே பழுது பார்க்க ஆள் வேண்டும். எச்சரிக்கை மீனவர் புரிந்துகொள்கிற தமிழில் வர வேண்டும். படகு கூப்பிட்டால் கரையில் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்க ஆள் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்ப் படகுகளில் நிலைமை என்ன என்று கீழே எழுதுங்கள். நம்மில் மீன்வளத் துறையிலும் பத்திரிகையிலும் இருக்கிறவர்கள் அதை எடுத்துப் பேசட்டும்.

கடற்படைக்கும் இதில் சொந்த லாபம் உண்டு. நம் கடலில் அந்நியப் படகோ சந்தேகப்படும்படியான கப்பலோ நுழைந்தால் முதலில் பார்க்கிற கண் மீனவனுடையதுதான். 2008-ல் மும்பைக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அந்தப் படகிலிருந்து ஒரு பொத்தானை அழுத்த வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கோகோஸ் தீவுத் தந்தி நிலையம் செய்ததை நம் படகு ஒவ்வொன்றும் செய்யும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அரசாங்கமே, போக வேண்டிய இடத்துக்குச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர். நீர்மூழ்கியில் இருக்கிறவனுக்கும், வள்ளத்தில் இருக்கிறவனுக்கும், வீட்டில் காத்திருக்கிற தாய்க்கும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது: படையில் இருக்கிற பிள்ளையிடம் "எங்க இருக்க, எப்போ கிளம்புற, எங்க போற" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி" என்று மட்டும் கேளுங்கள். சொன்னதையும் குழுவில் போடாதீர்கள். சீருடையில் அனுப்பிய படத்தில் பின்னால் கப்பல் தெரிந்தால் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். லீவில் எந்தத் தேதியில் வருகிறான் என்று ஊருக்கு அறிவிக்காதீர்கள். வந்ததும் கறிக்குழம்பு வைத்துப் போடுங்கள், போதும். ராணுவம், கப்பல், சண்டை என்று வருகிற எந்தச் செய்தியையும் அரசு அறிவிப்பு வரும்வரை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். குழு நிர்வாகியாக இருக்கிற என் மாணவர்கள் இன்றே இதை விதியாக எழுதி வையுங்கள். அந்த வரைபடத்தைப் போட்டவரிடம் தனியாகப் பேசிவிட்டேன். அவரும் நீக்கிவிட்டார். அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-ல் கராச்சித் துறைமுகத்தை நம் சிறு ஏவுகணைப் படகுகள் தாக்கிய இரவின் நினைவாகக் கொண்டாடுகிறோம். அந்தப் படகுகளில் இருந்தவர்கள் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள். ஒயர்லெஸ்ஸில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். கேட்டவனுக்கு யார் பேசுகிறார்கள் என்றே விளங்கியிருக்காது. அன்றைக்கு வாழ்த்துப் படம் அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொள்ளுங்கள். மருமகன் பெயரையும் கப்பல் பெயரையும் அதில் எழுதாதீர்கள்.

தங்கச்சி, அவன் நல்லபடியாகத்தான் இருப்பான். ஏதாவது என்றால் கடற்படை முதலில் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். தட்டவில்லை என்றால் அதுவே நல்ல சேதி.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்,
வில்லாபுரம், மதுரை.